மேலிருந்து பார்த்தால் தெரியும்படி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, அவளுடைய தையல் மெஷின் மூவரும் சுகம். மூவரில் யாருக்கு வாய் அதிகம் என்று எழுத ஆசைதான். ஆனால் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அவள் படித்துப் பார்ப்பாள்.

உன் கடிதம் கிடைத்தது. சண்டையில் போன் எல்லாம் செத்துக் கிடக்கும் இந்த நேரத்தில், நீ நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரியை நடத்தும் தொண்டு நிறுவனத்தார் மருந்துக் கப்பலோடு கடிதப் பையையும் அனுப்பி வாங்குவது பெரிய புண்ணியம். இங்கே அவர்களுடைய அலுவலகத்தில் ஒரு கண்ணாடிக்காரப் பெண் இருக்கிறாள். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே பைக்குள் கையை விட்டுவிட்டாள். அத்தனை தடவை போய் அவள் உயிரை வாங்கியிருக்கிறேன்.

அம்மாதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். ஆஸ்பத்திரிக் கூரையில் பெரிதாக அடையாளம் போட வேண்டும், விமானத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறாய். பெயிண்டர் மகளாகப் பிறந்துவிட்டு வேறு யாரைக் கேட்பேன் என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைக் கடையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் படித்துக் காட்டினேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ வீணாகப் பயப்படுகிறாய். அங்கே வந்து குண்டு போடும் நம் விமானங்கள் ஆயுதக் கிடங்குகளைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று தலைவரே டி.வி.யில் சொன்னார். ஆஸ்பத்திரியை அடிக்கிற ஆள் இல்லை அவர். முப்பது வருஷமாக அவர் முகத்தைச் சுவர் சுவராக வரைகிறவன் சொல்கிறேன். இடது கண் கொஞ்சம் சின்னது அவருக்கு. நான் ஒவ்வொரு தடவையும் அதைச் சரிசெய்துதான் வரைவேன். அப்படிப்பட்டவனுக்குத் தெரியாதா? இருந்தாலும் நீ கேட்டுவிட்டாய். தொழில் என்று வந்தபிறகு அரைகுறையாகச் சொல்லக்கூடாது.

கூரையை முதலில் நன்றாகச் சுரண்டு. பாசி, தூசி எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் பெயிண்ட் பிடிக்காமல் உரிந்து வரும். முழுக் கூரைக்கும் வெள்ளை அடி. அது காய்ந்தபிறகு, ஒரு நூலில் கரிப்பொடி தடவி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையை இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிடுங்கள். கோடு தானாக விழும். அந்தக் கோட்டை வைத்துச் சிவப்பில் ஒரு கூட்டல் குறி. நான்கு கையும் ஒரே அளவு, ஒரே தடிமன். கூரையில் நிற்கும்போது, இவ்வளவு பெரிதா, அசிங்கமாக இருக்கிறதே என்று தோன்றும். தோன்றட்டும். தெருவில் போகிறவனுக்கு எழுதுவது வேறு, ஆகாயத்தில் போகிறவனுக்கு எழுதுவது வேறு. நானே இதுவரை ஆகாயத்துக்கு எழுதியதில்லை.

பெயிண்ட் எனாமலாகவே வாங்கு. வேறு எதையாவது தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஏமாந்துவிடாதே. எனாமல் மழைக்கும் அசையாது, பளபளவென்று நிற்கும். அப்பா வேலைக்கு இந்த ஊரில் பேர் இருப்பதே அந்தப் பளபளப்பால்தான்.

மற்றபடி ஊர்ச் செய்தி. ஊருக்கு வெளியே இருக்கும் விமான தளத்திலிருந்து தினமும் காலையில் விமானங்கள் கிளம்புகின்றன. எழும்பும்போதும் திரும்பி இறங்கும்போதும் நம் மொட்டை மாடியைத் தொட்டுவிடுகிற மாதிரி தாழப் போகின்றன. முதல் நாள் தெருவே மாடியில் ஏறிக் கையாட்டியது. நானும் ஆட்டினேன். அம்மா மட்டும் கீழே மெஷினை நிறுத்திவிட்டு, சத்தம் ஓயும்வரை துணியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வேலை நிறைய இருக்கிறது. நம் கட்சிக் கிளைச் செயலாளர், நீ மைக்கு மாமா என்று கூப்பிடுவாயே, அவர் கடைத்தெரு முனையிலுள்ள பெரிய சுவரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். தலைவரும், உங்கள் பக்கத்து நாட்டு மன்னரும் கைகுலுக்குகிற படம். உன் ஊர்க்காரர்களோடு சண்டை போடுகிறாரே, நம் விமானங்கள் உதவிக்குப் போகின்றனவே, அதே மன்னர்தான்.

இன்னொரு வேடிக்கை. தலைவரின் மூத்த மருமகனுக்குக் கப்பல் கம்பெனி இருக்கிறதல்லவா, அதன் வாசல் போர்டு என் கை வேலை. போன வருஷம் மன்னரின் துறைமுகத்தை இவர்கள் அவரோடு கூட்டுச் சேர்ந்து நடத்த எடுத்தபோது, கம்பெனிப் பேருக்குப் பக்கத்தில் மன்னரின் சின்னத்தையும் வரையச் சொன்னார்கள். சிவப்பில் ஒரு பருந்து, தலையில் கிரீடம். போன வாரம் அவசரமாகக் கூப்பிட்டு, பருந்தை மட்டும் மறைக்கச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம் என்றார் மேனேஜர். வெள்ளையைப் பூசிவிட்டு வந்தேன்.

இதை வீட்டில் சொன்னது தப்பாகிவிட்டது. கூட்டில் கோளாறு இல்லையென்றால் எதற்கு மறைக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள் உன் அம்மா. குண்டு விழுந்து, மருந்துக் கப்பலைத் தவிர வேறெதற்கும் வழியில்லாமல் உன் ஊர்த் துறைமுகம் மூடிக் கிடக்கிறதே, அங்கே வரவேண்டிய கப்பலெல்லாம் இப்போது யார் துறைமுகத்துக்குப் போகிறது என்றும் கேட்டாள். ரவிக்கைக்குக் கொக்கி வைக்கிறவளுக்குத் துறைமுகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு வருகிறது, பேச்சு வரவில்லை.

கூரை விளிம்புக்குப் போகாதே. வெயிலில் வெறும் வயிற்றோடு நிற்காதே. எப்படி வந்திருக்கிறது என்று உடனே எழுது.

உன் அப்பா.

கண்ணு, அம்மா எழுதுவது. கூரையில் நிற்கும்போது விமானச் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இறங்கு. பெயிண்ட் கொட்டினால் கொட்டட்டும்.


அன்பு மகளுக்கு,

இதைப் படித்தவுடன், நின்ற இடத்திலிருந்தே யாரையாவது கூரைக்கு அனுப்பு. சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

உன் பதில் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வார்டு ஆட்களும் நோயாளி ஒருவரின் கணவரும் சேர்ந்து உனக்கு நூல் பிடித்தது, கரிப்பொடிக்கு அடுப்படியைச் சுரண்டியது, பெரிய டாக்டர் தானும் ஒரு பிரஷ்ஷைக் கேட்டு வாங்கிக் கோணலாக அடித்தது எல்லாம் படித்தேன். கடைசியில், பளபளப்பில் கண் கூசுகிறது அப்பா, யாரும் கூரையில் நிற்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வரியையும் ஊர் முழுக்கப் படித்துக் காட்டினேன். அந்த வரிதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது.

நடந்தது இது. நேற்று ஒரு காலேஜின் தண்ணீர்த் தொட்டியில் பேர் எழுதப் போனேன். ஏழு மாடி உயரம். நான் எழுதி முடித்த தலைவர் போர்டு ஒன்றைக் கீழே மைதானத்தில் மல்லாக்கப் போட்டுக் காயவைத்திருந்தார்கள். மத்தியானம் மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன். போர்டு இருந்தது, எழுத்து இல்லை. முகமும் இல்லை. வெயில் மட்டும் ஒரு தகரத்தில் விழுந்து மின்னியது. முதலில் யாரோ போர்டை மாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

சுவரில் நிற்கிற போர்டுக்குப் பளபளப்பு அழகு. இத்தனை வருஷமும் நான் எழுதியதெல்லாம் நிற்கிற போர்டுதான். படுத்திருக்கிற போர்டு வெயிலை அப்படியே மேலே திருப்பி அனுப்பும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. மற்றவர்கள் எதையாவது தலையில் கட்டுவார்கள், ஏமாந்துவிடாதே என்று உனக்குப் பெரிய புத்தி சொன்னேன். பளபளப்பு இல்லாத பெயிண்ட்தான் அடித்திருக்க வேண்டும். சொல்லிக் கொடுத்தவனே தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் கண்ணு.

பயப்பட ஒன்றுமில்லை, சரிசெய்யலாம். மறுபடி அடிக்க வேண்டாம். உப்புத்தாள் வாங்கி மேல் பளபளப்பு சாகும்வரை தேய்த்துவிடுங்கள். உப்புத்தாள் கிடைக்காவிட்டால் செங்கல் துண்டு போதும். நிறம் கொஞ்சம் மங்கும், மங்கினால்தான் நல்லது. பார்க்க அழுக்காக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், என் அப்பா அப்படித்தான் சொன்னார் என்று சொல்.

இதுவரை எழுதிவிட்டுச் சும்மா உட்கார முடியவில்லை. மைக்கு மாமாவை இழுத்துக்கொண்டு மருமகனின் கம்பெனிக்குப் போனேன். தலைவரைப் பார்ப்பதென்றால் ஒரு வாரம் தவம் கிடக்க வேண்டும், மருமகன் காதில் போட்டால் அன்றைக்கே போய்ச் சேரும் என்பது கட்சியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்தத் துறைமுக ஊரில் இந்த இடத்தில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, என் மகள் அங்கே நர்ஸ், கூரையில் குறி போட்டிருக்கிறார்கள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வாசலிலேயே மேனேஜர் என்னைப் பிடித்துக்கொண்டார். மழைக்குப் பிறகு போர்டில் பருந்து திரும்பி வந்துவிட்டதாம். சிவப்புக்கு மேல் நேராக வெள்ளை அடித்தால் ஊறிக்கொண்டு வரத்தான் செய்யும், நடுவில் ஒரு கோட் பிரைமர் வேண்டும், அவசரப்படுத்தியது நீங்கள்தானே என்றேன். வேண்டுமென்றே செய்தாயா, யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கிற இடமாக அது இல்லை.

வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உள்ளே கண்ணாடி அறையில் மன்னரின் ஆட்கள் இரண்டு பேர் மேஜைமேல் ஒரு வரைபடத்தை விரித்துக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். போருக்கும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லை என்று முந்தின நாள்தான் பாராளுமன்றத்தில் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைக்கு மாமாவைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு இளைஞன் வந்து, நான் சொன்னதை நின்றபடியே கேட்டுக்கொண்டான். எதையும் குறித்துக்கொள்ளவில்லை. சொல்லிவிடுகிறேன் என்றான். வெளியே வந்ததும் மைக்கு மாமா என் தோளில் கையைப் போட்டு, தலைவருக்குத் தெரியாமல் ஒரு இலைகூட அசையாது, கவலைப்படாதீர்கள் என்றார். எப்போதும் அதைக் கேட்டால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

அம்மா என்னோடு மறுபடி பேசுகிறாள். சண்டை போட நேரமில்லை என்கிறாள். இந்தக் கடிதத்தை அவளே கொண்டுபோய்க் கண்ணாடிக்காரப் பெண்ணின் கையில் கொடுக்கப்போகிறாள். என்னை நம்பமாட்டாளாம், நான் போகிற வழியில் நின்று யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பேனாம்.

தேய்த்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுது. வேறெதுவும் வேண்டாம்.

உன் அப்பா.


அன்பு மகளுக்கு,

இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி விலாசத்தையே போட்டிருக்கிறேன். நீ எங்கே இருந்தாலும் உன்னைத் தெரிந்த யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள்.

நான் கடைத்தெருச் சுவரில் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தேன். கைகள் முடிந்துவிட்டன, மன்னரின் முகமும் முடிந்துவிட்டது, தலைவரின் முகத்துக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எதிர் டீக்கடையில் டி.வி. ஓடியது. உன் ஊர்ப் பேரைச் சொன்னதும் திரும்பினேன். பட்டப்பகலில் அடித்திருக்கிறார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்துக் கட்டடம் என்றார்கள், ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. கேள்வி கேட்டபிறகுதான் அரசாங்கப் பேச்சாளர் அந்த வார்த்தையைச் சொன்னார். அதன் கூரையில் எந்த அடையாளமும் மேலிருந்து தெரியவில்லை என்றார். தெரிந்திருந்தால் நம் விமானி அடித்திருக்கவே மாட்டாராம்.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கையில் பிரஷ் இருந்ததுகூட வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்கு யாரோ முன்பே சொல்லிவிட்டார்கள். மெஷினுக்கு முன்னால், துணியில்லாமல், காலை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் தொண்டு நிறுவனத்துக்கு ஓடினோம். வாசலில் கூட்டம். செத்தவர்கள் பேர் ஒன்றும் வரவில்லை. உயிரோடிருப்பவர்களை மலைப்பக்கத்து ஊர்களுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், யார் யாரென்று தெரியாது என்கிறார்கள். கண்ணாடிக்காரப் பெண் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து கடிதப் பையை எடுத்தாள். மருந்துக் கப்பலைப் போகவிடவே இல்லையாம். உப்புத்தாளைப் பற்றி நான் எழுதிய கடிதம், ஒட்டியது ஒட்டியபடி, என் கைக்கே திரும்பி வந்துவிட்டது.

அப்படியானால் கூரை அப்படியேதான் இருந்திருக்கிறது. கண் கூசுகிற மாதிரி.

அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை. மேலேயிருந்து அந்த விமானி எட்டிப் பார்த்திருப்பான், வெயில் மட்டும் மின்னியிருக்கும், ஏதோ தகரக் கொட்டகை என்று நினைத்திருப்பான். என் பளபளப்புதான், என் பேர்தான், என் வாய்தான். இதைச் சொல்லிச் சொல்லி அம்மாவிடம் அழுதேன். அவள் என்னைத் தேற்றுவாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பழியத் தூக்கி உங்க தலையில வச்சுக்காதீங்க," என்றாள். "அவங்களுக்கு ஒரு சாக்கு வேணும். அத நீங்களே எடுத்துக் குடுக்காதீங்க."

அவள் சொல்வது சரியா, நான் நினைப்பது சரியா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மூளை கலங்கிவிடும். அதனால் முந்தாநாள் மொட்டை மாடியைச் சுரண்டினேன். வெள்ளை அடித்தேன். உனக்குச் சொன்ன அதே எனாமல், அதே சிவப்பு, அதே பளபளப்பு. நூலின் மறுமுனையை அம்மா பிடித்தாள். அவள் கல்யாணத்துக்குப் பிறகு என் தொழிலில் கைவைத்தது இதுதான் முதல் தடவை. நூல் ஆடவே இல்லை.

நம் வீட்டில் கூட்டல் குறி போட்டால் பொய். அதனால், அவர்கள் போய்க் குண்டு போடுகிற ஊரில் யார் இருக்கிறாள் என்பதை எழுத்தாகவே எழுதினேன். மாடி கொள்கிற அளவுக்கு, ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரத்துக்கு: கீழே என் மகள் இருக்கிறாள்.

நம் பையன்கள்தானே ஓட்டுகிறார்கள். நம் எழுத்துத்தானே. படிக்கத் தெரியும்.

நீ எங்கேயாவது ஒரு கட்டிலில் படுத்திருந்தால், கை எழுத வராவிட்டால், பக்கத்திலிருக்கிற யாரையாவது எழுதச் சொல். கையெழுத்து மாறியிருந்தாலும் பயப்படமாட்டோம்.

உன் அப்பா.


அன்பு மகளுக்கு,

உன்னிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. அலுவலகத்துக்குத் தினமும் போகிறோம். கண்ணாடிக்காரப் பெண் இப்போது எங்களுக்கென்று இரண்டு நாற்காலி எடுத்துப் போடுகிறாள். பாதிப் பேரின் விவரம் வந்துவிட்டது, மீதி வர வேண்டும். வந்த பாதியில் நீ இல்லை. இருக்கிறவர்களிலும் இல்லை, இல்லாதவர்களிலும் இல்லை. அம்மா அதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நாளைக்கு வருகிறோம் என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

மாடியில் எழுதியதற்குப் பிறகு தெருவில் சிலர் பேசுவதில்லை. சிலர் இருட்டியபிறகு வந்து அம்மாவிடம் மட்டும் பேசுகிறார்கள். சுவர் வேலையை வேறொருவனிடம் கொடுத்துவிட்டார்கள். நல்ல பையன்தான், ஆனால் தலைவரின் இரண்டு கண்ணும் ஒரே அளவாக வரவில்லை. இடது கண் சின்னதாகவே இருக்கிறது. நான் ரொம்ப நேரம் நின்று பார்த்தேன், அவன் வரைந்ததுதான் சரி.

நேற்று மைக்கு மாமா வந்தார். அவர் குரல் தெருமுனையில் கேட்டு, அப்புறம்தான் ஆள் வருவார் என்பது உனக்குத் தெரியும். நேற்று ஆள்தான் முதலில் வந்தார். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார். அம்மா தண்ணீர் கொடுத்தாள், வாங்கி வைத்துக்கொண்டு குடிக்கவில்லை.

"அண்ணே, விமான தளத்துலருந்து புகார் வந்திருக்கு," என்றார். "மேலருந்து பாத்திருக்காங்க. ஒவ்வொரு எழுத்தும் தெரியுதாம். பையனுங்க தங்களுக்குள்ள பேசிக்கிறாங்களாம். இன்னிக்கே அழிச்சிடுங்க."

எனக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறது என்றது மட்டும் காதுக்குள் நின்றது. எந்த நேரத்தில் பார்த்தார்களாம் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வி புரியவில்லை. காலையில் கிளம்பும்போதா, வெயில் ஏறியபிறகா என்று மறுபடி கேட்டேன்.

"மத்தியானம். திரும்பி வர்றப்ப," என்றார்.

மத்தியானம் கண்ணு. உச்சி வெயில். அதே எனாமல், அதே பளபளப்பு.

நான் தண்ணீர்த் தொட்டியில் ஒரே இடத்தில் நின்று பார்த்தவன். விமானம் நிற்பதில்லை. இந்தப் பக்கம் கூசினால் நாலு அடி தள்ளிப் போனதும் எழுத்து வந்துவிடும். அந்தச் சின்ன விஷயம் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பயத்தில் இருக்கிறவனுக்கு எல்லாம் தன் தப்பாகத்தான் தோன்றும். உன் கூரையும் தெரிந்திருக்கிறது. நீயும் வார்டு ஆட்களும் டாக்டரும் போட்ட கூட்டல் குறி, டாக்டர் அடித்த கோணல் உட்பட, நன்றாகத் தெரிந்திருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் அடித்திருக்கிறார்கள். நானே வாய்விட்டுச் சொன்ன இடம் வேறு அது. பெஞ்சில் காத்திருந்து, கைகட்டி நின்று, துறைமுகத்துக்குப் பக்கத்தில் என்று அடையாளம் சொல்லிவிட்டு வந்தேன்.

என் மேல் தப்பில்லை என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதற்காகத்தான் மாடியில் எழுதினேன். இப்போது தெரிந்துவிட்டது. என் பெயிண்ட்தான் காரணம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று இருக்கிறது. அப்படியிருந்தால் குற்றவாளி நான் ஒருத்தன்தான். முப்பது வருஷம் நான் வரைந்த முகம் அப்படியே இருந்திருக்கும்.

மைக்கு மாமா அழுதார். உன்னை மடியில் வைத்து மீட்டிங்கில் உட்கார்ந்திருந்ததையெல்லாம் சொன்னார். அழுதுகொண்டே, அழித்துவிடுங்கள் அண்ணே, என்னால் தடுக்க முடியாது, நாளைக்கு வேறு ஆட்களை அனுப்புவார்கள் என்றார். அனுப்பட்டும் என்றேன். தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள் அம்மா. குடித்துவிட்டுத்தான் போனார்.

இன்று காலையும் விமானங்கள் போயின. அம்மா மெஷினை நிறுத்தவில்லை. எழுந்து மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் எழுத்துகளுக்கு நடுவில், 'மகள்' என்ற வார்த்தைக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள வெள்ளையில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். கையாட்டவில்லை, திட்டவில்லை. கடைசி விமானம் போகும்வரை நின்றுவிட்டு, காயாத இடத்தை மிதித்துவிடாமல் பார்த்து இறங்கு என்று என்னிடம் சொன்னாள். எல்லாம் காய்ந்து நாளாகிவிட்டது. நான் பார்த்துத்தான் இறங்கினேன்.

இந்தக் கடிதத்தில் நீயும் ஏதாவது எழுது என்று அவளிடம் பேனாவை நீட்டினேன். வாங்கினாள், யோசித்தாள், மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நீ வந்ததும் நேரில் சொல்லிக்கொள்கிறாளாம்.

யார் வந்து கேட்டாலும் அழிப்பதாக இல்லை. அவர்கள் அழித்தால், ஆட்கள் தெருமுனை தாண்டியதும் மறுபடி எழுதுவேன். அடியில் இருப்பது சிவப்பு, மேலே எதைப் பூசினாலும் ஊறிக்கொண்டு வந்துவிடும், அது அவர்களுக்கே தெரியும். நீ வா. வந்து உன் கையால் நீ அழி. உப்புத்தாள் வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதுவரை, வெளுக்க வெளுக்க மேலே ஒரு கோட் அடித்துக்கொண்டே இருப்பேன்.

எந்த ஊரில் இருந்தாலும், யார் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாலும், நன்றாக இரு கண்ணு. நன்றாக இரு.

உன் அப்பா.